மறுமொழி: இருக்கைத்தண்டும் அதன் ‘இணக்கமும்’

வணக்கம் ஐயா,

மிதிவண்டி உறுப்புகளுக்கு நீங்கள் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலைப் பார்த்தேன். சீட்டைத் தாங்கும் சீட் போஸ்டுக்கு ‘இருக்கைக்குழாய்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயர் வண்டியின் சட்டத்திலேயே (ஃபிரேமிலேயே) இருக்கும் சீட் டியூபுக்கு வேண்டும். உள்ளே செருகுவது இருக்கைத்தண்டு, அதை வாங்கிக்கொள்வது இருக்கைக்குழாய். இல்லாவிட்டால் கடையில் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வருவோம்.

எனக்கு உறுத்துவது அடுத்த வரி. தண்டு வளைந்து அதிர்ச்சியை வாங்கும் குணமான காம்ப்ளையன்ஸ் என்பதற்கு ‘இணக்கம்’. இங்கே சிங்கப்பூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) விதிமுறைதான் நினைவுக்கு வருகிறது. தண்டு யாருக்கும் இணங்குவதில்லை. பின்சக்கரம் வேரில் ஏறி இறங்கும்போது கொஞ்சம் பின்னால் வளைந்து உடனே நிமிர்கிறது, அவ்வளவுதான்.

வீவக வீடுகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழியைப் பாருங்கள். நுனியில் ஈர ஜீன்ஸ் தொங்கினால் தாழ்கிறது, எடுத்ததும் மேலே வருகிறது. பருத்த கழி அவ்வளவு தாழாது. தண்டுக்கும் அதே கணக்கு. சுவரின் தடிமன் ஒன்றேயானால் விறைப்பு ஏறத்தாழ விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது 27.2 மில்லிமீட்டர் தண்டைவிட 31.6 மில்லிமீட்டர் தண்டு ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலே விறைப்பு. எனவே அலுமினியமா கார்பனா என்று கேட்பதற்கு முன் விட்டத்தைப் பார்க்க வேண்டும். சட்டத்துக்கு மேலே எவ்வளவு நீளம் நிற்கிறது என்பதையும்தான்.

பொருளில் ஒரு வேடிக்கை உண்டு. டைட்டேனியம் ‘மெத்தென்று’ இருக்கும் என்பார்கள். உலோகமாக எடுத்தால் அதன் மீள்மைக் குணகம், அதாவது பொருளின் விறைப்பு அளவு, சுமார் 110 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்குச் சுமார் 70. டைட்டேனியம்தான் விறைப்பானது! ஆனால் அலுமினியம் திரும்பத் திரும்ப வளைந்தால் களைத்து முறியும். அதனால் சுவரைத் தடியாக வைத்து வளையவே விடாமல் செய்கிறார்கள். டைட்டேனியத்துக்கு மெல்லிய சுவர் போதும், அது வளைகிறது. கார்பனில் இழையை எந்தத் திசையில் அடுக்குகிறார்கள் என்பதே எல்லாம்.

காம்ப்ளையன்ஸுக்கு ‘நெகிழ்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். போன மாதம் கார்பன் தண்டு மாட்டினேன். அது வழுக்காமல் பிடிப்பதற்கென்றே இருக்கும் நறநறப்பான பசையைத் தடவச் சோம்பல். பூலாவ் உபின் தீவில் கெத்தாம் மலைமிதிவண்டிப் பாதையில் பாதி போவதற்குள் சீட் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. சங்கத் தலைவிக்கு வளை நெகிழ்ந்தது போல எனக்குத் தண்டு நெகிழ்ந்தது! சாங்கிக்குத் திரும்பும் படகில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். நெகிழ்வு என்றால் பிடி தளர்வது. அது வேண்டாம்.

‘துவள்வு’ எப்படி?

•

தம்பி,

இருக்கைத்தண்டு சரி, மாற்றிவிட்டேன். இணக்கத்தையும் எடுத்துவிடுகிறேன், அகராதியை நம்பிப் போட்டது.

துவள்வு மட்டும் ஒட்டவில்லை. தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையை மதியம்வரை பையிலேயே வைத்துப் பாருங்கள், துவளும். அப்புறம் நிமிருமா? உங்கள் மூங்கில் கழி நிமிர்கிறது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? சொல்லில் அந்த மீளுதல் இருக்க வேண்டும். ‘மீள்வளைவு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

•

ஐயா,

கீரையில் தோற்றேன். மீள்வளைவு இருக்கட்டும். ஆனால் அருஞ்சொல்லுக்கு எதிரே ‘வளைந்துகொடுத்தல்’ என்றும் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். செஸ்ட்நட் மிதிவண்டிப் பாதையை ஓட்டி முடித்து மூச்சு வாங்க நிற்கும்போது யாரும் ‘மீள்வளைவு அதிகம்’ என்று சொல்லப்போவதில்லை, ‘தண்டு நல்லா வளைஞ்சு கொடுக்குது’ என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று. என் சட்டம் 31.6, வாங்க நினைக்கும் தண்டு 27.2. நடுவில் ஷிம் என்று ஒரு மெல்லிய அலுமினியக் குழல் போட வேண்டும். ‘இடையுறை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கீரை எதுவும் இதற்குக் குறுக்கே வராது என்று நினைக்கிறேன்.