300 பேருந்து, பழைய அனலாக் ரேடியோ: டிஜிட்டலுக்கு மாற எத்தனை ரிப்பீட்டர்?

கேள்வி: தடம்_எண்

எங்கள் போக்குவரத்துக் கழகத்தில் யுஎச்எஃப் அனலாக் ரேடியோவை மாற்றப் போகிறோம். உதிரிபாகம் கிடைப்பதில்லை. 300 வண்டி, 3 டெப்போ, 450 மெகாஹெர்ட்ஸ் பக்கம். ஒரு வண்டி மணிக்குச் சராசரியாக 2 முறை, முறைக்கு 20 விநாடி பேசுகிறது. டிஎம்ஆர் டயர் 3 (அழைப்புகளுக்குச் சேனலைத் தானே பகிர்ந்தளிக்கும் டிஜிட்டல் ரேடியோ தரம்) என்று முடிவாகிவிட்டது. எத்தனை ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டவர் கருவி) வேண்டும்? வண்டி இருக்கும் இடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் டேட்டாவும் இதிலேயே போகுமா? வண்டியிலுள்ள பழைய ஆண்டெனா, கேபிளை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: எர்லாங்

300 × 2 × 20 ÷ 3600 = 3.33 எர்லாங், அதாவது எந்த நேரமும் சராசரியாக அத்தனை அழைப்பு நடக்கும். டிஎம்ஆரில் ஒரு 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு 2 ஸ்லாட் (மாறி மாறி வரும் நேரப் பங்கு; ஒன்றில் ஓர் அழைப்பு). 4 ரிப்பீட்டர் வைத்தால் 8 ஸ்லாட், அதில் ஒன்று, எந்த அழைப்புக்கு எந்த ஸ்லாட் என்று சொல்லும் கன்ட்ரோல் சேனலுக்குப் போய்விடும். மீதி 7. எர்லாங் சி (வரிசையில் காத்திருப்பைக் கணிக்கும் சூத்திரம்) கணக்குப்படி 100 அழைப்பில் 6 காத்திருக்கும், அவை சராசரியாக 5.5 விநாடி நிற்கும். பரவாயில்லை என்று தோன்றும்.

ஆனால் சராசரி மணியை வைத்து வாங்கக் கூடாது. மழை பெய்து சாலை அடைத்துக்கொண்ட மாலையில் அந்த 2 அழைப்பு 3 ஆனாலே 5 எர்லாங். அதே 7 ஸ்லாட்டில் 100க்கு 32 வரிசையில் நிற்கும், சராசரி 10 விநாடி. 5 ரிப்பீட்டர் (9 ஸ்லாட்) என்றால் 100க்கு 8, 5 விநாடி. ஆகவே 5. இது ஒரே டவர் என்று வைத்துப் போட்ட கணக்கு. பல டவர் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போடுங்கள். எல்லா வண்டிக்கும் சேர்த்து அறிவிக்கும்போது ஒவ்வொரு டவரிலும் ஒரு ஸ்லாட் பிடிபடும்.

பலரும் விட்டுவிடுவது: 5 எர்லாங் என்றால் கன்ட்ரோல் ரூமில் சராசரியாக 5 பேர் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அங்கே 3 பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் எத்தனை ரிப்பீட்டர் வைத்தும் ஓட்டுநருக்குப் பதில் வராது. ஓட்டுநர் 'பேச வேண்டும்' பட்டனை அழுத்தினால் வண்டி எண் திரையில் வரிசையில் விழ, அலுவலர் தேர்ந்தெடுத்து அழைக்கும் முறையை டெண்டரிலேயே எழுதுங்கள். 'அவசரப் பேச்சு'க்குத் தனிப் பட்டன்.

இட டேட்டா வேண்டாம். 300 ÷ 30, விநாடிக்கு 10 செய்தி. ஒரு ஸ்லாட் 60 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் வரும், விநாடிக்கு 16 துண்டு. ஒரு செய்திக்குத் தலைப்பு, ஒப்புகை என்று பல துண்டு செலவாகும், மோதல் வேறு. அதை எல்டிஈ (4ஜி மொபைல்) மோடமுக்குத் தள்ளுங்கள். அவசரப் பட்டன் அழுத்தும்போது மட்டும் இடம் ரேடியோவிலும் போகட்டும். மொபைல் நெட்வொர்க் நெரிசலில் படுக்கும் நேரமும் அதுதான்.

பதில்: கூரை_ஆண்டெனா

கேபிளை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆர்ஜி-58 வகைக் கேபிள் புதிதாக இருந்தாலே 450 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு சுமார் 0.35 டெசிபல் இழப்பு. 5 மீட்டரில் 25 வாட் 17 வாட்டாகக் குறையும். கூரைத் துளை வழியே தண்ணீர் இறங்கிய கேபிள் இன்னும் மோசம். ஆண்டெனாவை மட்டும் எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) அளந்து, 1.5க்குள் இருந்தால் விடலாம். அளவை ஆண்டெனா முனையில் எடுங்கள். ரேடியோ பக்கம் அளந்தால் கேபிள் இழப்பே தவறை மறைத்து நல்ல எண்ணைக் காட்டும்.

அடுத்தது 24 வோல்ட்டிலிருந்து 13.6 வோல்ட் கன்வெர்ட்டர். மலிவான ஸ்விட்சிங் கன்வெர்ட்டர் ரிசீவரைச் செவிடாக்கும். ரேடியோ அனுப்பும், ஆனால் கேட்காது. சிக்னல் ஜெனரேட்டரை வைத்து எஞ்சின், ஏசி, எல்இடி தடப்பலகை எல்லாம் ஓடும்போது ஒருமுறை, அணைத்து ஒருமுறை உணர்திறனை அளந்து பாருங்கள். பவர் வயர் பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரி அருகிலேயே ஃபியூஸ்.

தடம்_எண்

நன்றி. ஒரே இரவில் மாற்றுவதா, டெப்போ டெப்போவாகவா?

பதில்: எர்லாங்

டெப்போ டெப்போவாக. அனலாக், டிஜிட்டல் இரண்டும் பேசும் ரேடியோ வாங்குங்கள், கன்ட்ரோல் ரூமில் இரண்டு அமைப்பையும் பேட்ச் செய்யுங்கள் (ஒன்றில் பேசுவது மற்றதிலும் கேட்கும்படி இணையுங்கள்). பழைய ரிப்பீட்டரைக் கடைசி வண்டி மாறும்வரை அணைக்காதீர்கள். அதற்கு அலைவரிசை உரிமத்தில் இரண்டுக்கும் இடம் வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஓட்டுநருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: அனலாக்கில் சிக்னல் குறையும்போது இரைச்சல் எச்சரிக்கும். டிஜிட்டல் கடைசிவரை தெளிவாக இருந்து சட்டென்று அறுந்துவிடும். சொல்லாவிட்டால் ரேடியோ கெட்டுவிட்டதென்று டெப்போவில் புகார் குவியும்.

பதில்: கூரை_ஆண்டெனா

இன்னொன்று. பழுதான ரேடியோவை வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டுவார்கள். ரேடியோ ஐடியும் அதோடு போகும்; அவசரப் பட்டன் அழுத்தினால் திரையில் தப்பான வண்டி எண் வரும். ஐடி வண்டியிலுள்ள கம்ப்யூட்டரிலிருந்து வரும்படி அமையுங்கள். முடியாதென்றால், ரேடியோ மாற்றிய ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்தி, கன்ட்ரோல் ரூம் எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகே வண்டி வெளியே போகட்டும்.