புதுப்பிப்பு: தம்பிக்கு வேலை விசா வந்துவிட்டது

லண்டனில் எம்.எஸ்சி. படிக்கும் தம்பி, ஊருக்குத் திரும்பாமலே மாணவர் விசாவை வேலை விசாவாக மாற்ற முடியுமா என்று வைகாசியில் கேட்டிருந்தேன். முடிந்தது!

வேலை தொடங்கும் தேதி படிப்பு முடிந்த பிறகுதான் இருக்க வேண்டும். விசாவுக்காகக் கம்பெனிக்காரர்கள் தரும் ஸ்பான்சர் சான்றிதழில் அந்தத் தேதியை ஒரு வாரம் முன்னதாகப் போட்டுவிட்டார்கள். திருத்தி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆங்கிலத் தேர்வு தனியாக எழுதவில்லை.

வருத்தமெல்லாம் அம்மாவுக்குத்தான். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு அவனுக்கு டிக்கெட் போட்டிருந்தோம். முடிவு வருமுன் பிரிட்டனை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகிவிடும். சாதாரணமாக 8 வாரம் வரை ஆகும். சரி, டிக்கெட் பணம் போச்சு.

விசாவும் ஆன்லைனில்தான். "பாஸ்போர்ட்டில சீல் எங்கல?" என்று அம்மா இன்னும் அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.