பொயின்ற் மோட்டர் உறுமுகிறது, தடம் மாறவில்லை: உதவி வேண்டும்

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். 1990இல் வடக்குப் பாதை நிற்பதற்கு முந்திய கிளிநொச்சி நிலையத்தை ஒரு பழைய கதவுப் பலகையின் மேல் எச்ஓ என்ற மாதிரி ரயில் அளவில் (1:87) செய்துகொண்டிருக்கிறேன். தண்டவாளம், மோட்டர், சுவிட்ச் பெட்டி எல்லாம் லண்டனில் இருக்கும் சித்தப்பா பாவித்துவிட்டுத் தந்தவை. பொயின்றுகளை (தடம் பிரியும் இடங்களை) மாற்றும் மோட்டர்கள் இரட்டைக் கொயில் (கம்பிச் சுருள்) வகை. ஒரு பட்டனை அழுத்தினால் தடம் இந்தப் பக்கம், மற்றதை அழுத்தினால் அந்தப் பக்கம். 16 வோல்ற் ஏசி கொடுக்கிறேன்.

இரண்டு பாதைகளை இணைக்கும் குறுக்குப் பாதையின் இரண்டு பொயின்றுகளும் ஒரே பட்டனில் இருக்கின்றன. அழுத்தினால் இரண்டும் உறுமும், ஒன்று பாதியில் நின்றுவிடும். சரக்குப் பாதைக்குத் திரும்பும் மூன்றாவதில் ஒரு பக்கம் சத்தமே இல்லை, கருகிய மணம் வேறு. புதிது எடுப்பிக்க விலை கட்டாது. திருத்த வழி இருக்கிறதா?

பதில் (மாங்குளம்):
தம்பி, இது இரண்டு வேறு வருத்தம். உறுமினால் கரன்ட் வருகிறது, பலம் காணாது அல்லது எங்கோ இறுகுகிறது. சத்தமே இல்லையென்றால் கொயிலோ வயரோ அறுந்திருக்கிறது. பவரைக் கழற்றிவிட்டு மீற்றரை ஓமில் வைத்துக் கொயிலை அளந்து பாருங்கள். நல்லது சில ஓம் காட்டும், அறுந்தது ஒன்றும் காட்டாது.

குறுக்குப் பாதையில் முதலில் மோட்டரைக் கழற்றித் தனியே அழுத்திப் பாருங்கள். துள்ளினால் குற்றம் மோட்டரில் இல்லை. பிறகு பொயின்றை விரலால் தள்ளுங்கள். ‘டிக்’ என்று ஒரே துள்ளலில் மாற வேண்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. தனியே விட்டால் இரண்டு மோட்டரும் துள்ளுகின்றன. ஒரு பொயின்ற் விரலுக்கே இறுக்கம். மூன்றாவதில் நல்ல பக்கம் 4.3 ஓம், மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை. அதற்கு மட்டும் பெட்டியில் பட்டன் இல்லை, தட்டினால் தட்டியபடியே நிற்கும் சுவிட்ச்தான் இருக்கிறது.

பதில் (வவுனியா):
அந்தச் சுவிட்ச்தான் கொயிலைத் தின்றது. இந்த வகைக் கொயில் கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் கரன்ட் வாங்கச் செய்தது. கரன்ட் விடாமல் நின்றால் சில செக்கனிலேயே கம்பியின் எனாமல் பூச்சுக் கருகத் தொடங்கும். அழுத்தி விட்டால் திரும்பி வரும் பட்டனைத் தவிர வேறொன்றும் போடாதீர்கள்.

பட்டனும் சிலவேளை ஒட்டிக்கொள்ளும். அதனால் இடையில் மின்னைச் சேர்த்து வைக்கும் ஒரு கப்பாசிற்றரைப் போடுங்கள், குறுக்குப் பாதையின் பலக்குறைவும் அதோடு தீரும். ஏசியின் ஒரு வயரில் ஒரு 4007 டையோட், அதற்குத் தொடராக 100 ஓம் 10 வாற் றெசிஸ்ரர், அங்கிருந்து மற்ற வயருக்கு 4700 மைக்ரோபரட் 35 வோல்ற் கப்பாசிற்றர். பட்டன்களுக்குக் கப்பாசிற்றரின் இரண்டு காலிலிருந்தும் எடுங்கள். சேர்ந்த மின் முழுவதும் ஒரே அடியாக இரண்டு மோட்டருக்கும் பாயும். பட்டன் ஒட்டினாலும் றெசிஸ்ரர் தாண்டி வருவது கொஞ்சக் கரன்ட்தான், கொயில் தப்பும். அடுத்த அழுத்தலுக்குச் சில செக்கன் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். 25 வோல்ற் கப்பாசிற்றர் வேண்டாம், 16 ஏசி டையோட் தாண்டினால் 22க்கு மேலே ஏறும். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும், கவனம்.

பதில் (பரந்தன்):
ஏன் இந்தக் கரைச்சல்? கொயிலையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு 9 கிராம் சேர்வோ மோட்டர் வையுங்கள். நிஜத் தடம்போல மெதுவாக நகரும்.

பதில் (மாங்குளம்):
நல்லதுதான், ஆனால் அதை ஆட்டுவிக்க ஒரு போர்டும் 5 வோல்ற்றும் புரோகிராமும் வேண்டும். தம்பி கேட்டது இருப்பதைத் திருத்த. மோட்டரே வேண்டாமென்றால் சைக்கிள் கம்பி ஒன்றைப் பலகைக்குக் கீழே ஓட்டிக் கையால் இழுக்கலாம். கம்பித் தொடுப்பு இழுத்துத் தடம் மாற்றுவது பழைய நிலையங்களில் இருந்த முறைதானே.

பதில் (புதுக்குடியிருப்பு):
கருகிய கொயிலை எறிய வேண்டாம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் மோட்டர் சுற்றும் கடை வன்னியில் எந்தச் சந்தியிலும் இருக்கும், எனாமல் கம்பியும் அங்கேயே உண்டு. சுற்றை எண்ணிக் கண்ணைக் கெடுக்காதீர்கள். பழைய கம்பியை முழுக்க உரித்து எடுத்து நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதே தடிப்புக் கம்பியில் அதே நிறை சுற்றினால் சுற்று ஏறக்குறைய அதேதான் வரும். கம்பியின் தடிப்பைக் கருகாத துண்டில் அளக்கச் சொல்லுங்கள். முடிவில் மீற்றர் உங்கள் நல்ல பக்கம்போல 4.3 ஓமுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். பிளாஸ்ரிக் உருளை உருகியிருந்தால் முதலில் அதை நேராக்கவும், இரும்பு ஊசி உள்ளே தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே சுற்றவும்.

பதில் (வவுனியா):
இறுகும் பொயின்றை மறந்துவிட்டோம். தண்டவாளத்துக்குள் மணல் தூவிப் பலகைப் பசை ஊற்றியிருந்தால் அது பொயின்றின் நகரும் முனைகளை இணைக்கும் தள்ளுகட்டைக்கு அடியில் போய் இறுகியிருக்கும். தண்ணீரில் நனைத்த தூரிகையால் ஊறவைத்து மெல்லச் சுரண்டுங்கள். தையல் மெசின் எண்ணெய் விட வேண்டாம், எங்கள் செம்மண் புழுதிக்கு எண்ணெய் கிடைத்தால் களியாகிவிடும். பென்சில் கரி கொஞ்சம் போதும், தண்டவாளத்தில் படாமல். தகரக் கூரை அறையென்றால் மூட்டுகளில் சிறு இடைவெளியும் விடுங்கள். 15 பாகை சூடு ஏறினாலே ஒரு மீற்றர் தண்டவாளம் கால் மில்லிமீற்றர் நீளும்.

பதில் (பரந்தன்):
கிளிநொச்சி என்கிறீர்கள், ஆனால் எங்கள் பாதை 1676 மில்லிமீற்றர் அகலம். 1:87இல் அது 19.3 வர வேண்டும், நீங்கள் போட்டிருப்பது 16.5. சும்மா சொன்னேன்!

கேட்டவர்:
அதைச் சித்தப்பாவும் சொல்லிவிட்டார், அகலத்தைப் பார்த்தால் ரயிலே ஓடாது. மணலும் பசையும்தான் இறுக்கம், சுரண்டிவிட்டேன். கப்பாசிற்றரும் போட்டாயிற்று, இரண்டும் ஒன்றாகத் துள்ளுகின்றன. மூன்றாவது கொயில் பம்ப் கடையில் இருக்கிறது. ஒன்று மட்டும்: குறுக்குப் பாதையில் ஒரு பக்கம் நாக்கு (நகரும் தண்டவாள முனை) முழுதாக ஒட்டவில்லை, மயிரிழை இடைவெளி. வண்டி அதில் ஏறி இறங்கி விழுகிறது.

பதில் (மாங்குளம்):
மோட்டர் நடுவில் இல்லை. ஆணிகளைத் தளர்த்துங்கள். நாக்கின் இரண்டு பக்கமும் ஒரே தடிப்புத் தீக்குச்சித் துண்டு செருகி நடுவில் நிறுத்துங்கள். மோட்டரின் ஊசியையும் நடுவுக்குக் கொண்டுவந்து, அப்படியே ஆணியை இறுக்கிவிட்டுக் குச்சியை எடுங்கள். பலகையில் ஊசி வரும் துளை ஓரத்தில் முட்டினால் அதையும் அரத்தால் அகலமாக்குங்கள்.

கேட்டவர்:
துளைதான் அண்ணா, ஓரத்தில் முட்டியபடி நின்றது. அராவினேன், இப்போது இரண்டு பக்கமும் ஒட்டுகிறது.