பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தபோது உங்களுக்கு என்ன ஆனது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

எனக்கு 45 தாண்டியதிலிருந்தே ராத்திரியில் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கும், எழுந்து உட்கார்ந்தால் கழுத்தும் முதுகும் வியர்வையில் நனைந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் குளிர ஆரம்பிக்கும். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, இதயத்தில் ஒன்றுமில்லை. (படபடப்பு என்றால் முதலில் இதயத்தைப் பார்ப்பதுதான் சரி.) விரல் மூட்டு வலிக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு இன்னொருவர். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டது கடைசியாகப் பார்த்த மகப்பேறு மருத்துவர் மட்டும்தான். ஒரு மாதம் சீக்கிரமே வரும், அடுத்த மாதம் வரவே வராது என்றேன். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. மாதவிடாய் முழுதாக நிற்பதற்குச் சில வருடம் முன்பே ஈஸ்ட்ரோஜன் தாறுமாறாக ஏறி இறங்குமாம். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் பகுதி லேசாகச் சூடு கூடினாலே வியர்வையைக் கொட்டவைத்துவிடுமாம். ரத்தப் பரிசோதனை வேண்டாமா என்றதற்கு, இந்த வயதில் அறிகுறிகளே போதும், அளவு நாளுக்கு நாள் மாறும் என்றார்.

குறைந்த ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை என்றதும் வீட்டில் எல்லோரும் புற்றுநோய் வரும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் 2002இல் வந்த அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது, அதில் இருந்தவர்களின் சராசரி வயதே 63. 60 வயதுக்குள் தொடங்குகிறவர்களுக்கு, மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறைந்த வரலாறோ இல்லையென்றால், பெரும்பாலும் நன்மைதான் அதிகம் என்று டாக்டர் விளக்கினார். கர்ப்பப்பை இருப்பதால் அதன் உட்சவ்வு தடித்துவிடாமல் இருக்கப் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத் தந்தார். இப்போது ராத்திரி தூங்குகிறேன்.

—

அக்கா, எனக்கு இது பால் கொடுக்கும் காலத்திலேயே வந்தது. கணவரோடு சேரும்போது எரிச்சல், வலி. எனக்கு விருப்பமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு ஒதுங்க ஆரம்பித்தார், அதுதான் வலியைவிடக் கொடுமை. பால் சுரக்கும்போது ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடும், அங்கே வறண்டு போகும் என்று பிரசவத்துக்குப் பிறகு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லூப்ரிகண்ட் வைத்துச் சமாளித்தோம், பால் குறைந்து மாதவிடாய் திரும்பியதும் தானாகச் சரியாகிவிட்டது.

—

என் அம்மாவுக்கு 68 வயது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும், ஆன்டிபயாடிக் முடிந்ததும் மறுபடி எரிச்சல். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் அந்த இடத்துத் தோல் மெலிந்து, நல்ல கிருமிகளும் குறைந்துவிடுவதால்தான் என்று சொல்லி உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தந்தார்கள். “இந்த வயசுல எனக்கு எதுக்குடி இது” என்று கூச்சப்பட்டு அம்மா ட்யூபைத் திறக்கவே இல்லை. ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும் என்று டாக்டரே பொறுமையாகச் சொன்ன பிறகுதான் போட்டுக்கொள்கிறார், தொற்று வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது. அப்புறம், அம்மாவுக்கு 42 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள், ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக நின்றுபோனது. அது இல்லையென்றால் எலும்பும் மெலியும், ஆனால் எலும்பை அன்றிலிருந்து யாரும் பார்க்கவில்லை. இப்போதுதான் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கப் போகிறோம். இதேபோல சினைப்பைகளை எடுத்தவர்கள் இருந்தால், எலும்புக்கு என்ன மருந்து தொடங்கினார்கள், எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.