அவசரம்: தற்காலிகக் கோப்பை அழித்தும் வட்டில் இடம் வரவில்லை

புதியவன்27: காலையிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறேன். எதைச் சேமிக்கப் போனாலும் இடமில்லை என்கிறது. தற்காலிகக் கோப்புறையில் 38 ஜிபி அளவில் ஒரே ஒரு கோப்பு கிடந்தது. அழித்துவிட்டேன். கோப்புறை காலி. ஆனாலும் வட்டு 100 சதவீதம் நிரம்பியிருப்பதாகவே காட்டுகிறது. மூன்று நாளாக ஒரு கணக்கீடு ஓடுவதால் கணினியை மறுதொடக்கம் செய்ய முடியாது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

சாளரம்11: அழித்தது மறுசுழற்சித் தொட்டிக்குப் போயிருக்கும், நண்பரே. தொட்டியைக் காலி செய்யுங்கள். அமைப்புகளில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் இனிமேல் தானாகவே துப்புரவு செய்துகொள்ளும்.

நிலைவட்டு: விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? எப்படி அழித்தீர்கள்? 100 சதவீதம் என்று காட்டியது எந்தக் கருவி?

வேர்ப்பயனர்: இயங்குதளத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் அவசரம் என்று தலைப்பிட்டால் எப்படி, தம்பி? இங்கே யாரும் சோதிடம் பார்க்கவில்லை. தற்காலிகக் கோப்புகளைக் கையால் அழிப்பதே முதல் தவறு. அந்த வேலைக்கு லினக்ஸில் பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி இருக்கிறது. டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறையில் 10 நாள், வார்-டெம்ப் என்ற இன்னொன்றில் 30 நாள் தொடப்படாமல் கிடப்பதை அதுவே நீக்கிவிடும். முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வாருங்கள்.

தட்டச்சி: ஐநோடு, அதாவது கோப்புக்கு ஒன்றாக ஒதுக்கப்படும் குறிப்பு, தீர்ந்திருக்கலாம். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால், இடம் இருந்தும் இடமில்லை என்றுதான் சொல்லும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. வட்டில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையோடு ஐ விருப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

புதியவன்27: மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். லினக்ஸ்தான், டெபியன் 12. முனையத்தில் ஆர்எம் கட்டளையால் அழித்தேன். டிஎஃப் 100 சதவீதம் என்கிறது. டியூ போட்டுக் கூட்டினால் அதைவிடக் கிட்டத்தட்ட 38 ஜிபி குறைவாக வருகிறது. ஐநோடு 9 சதவீதம்தான்.

நிலைவட்டு: விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. டியூ பெயருள்ள கோப்புகளைத் தேடிப் போய்க் கூட்டுகிறது. டிஎஃப் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கிறது. இரண்டும் இவ்வளவு முரண்பட்டால், பெயர் இல்லாத கோப்பு ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

ஆர்எம் நீக்குவது பெயரை மட்டுமே. அந்தக் கோப்பை ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் வரை இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதன் இடத்தை விடுவிக்காது. உங்கள் கணக்கீடுதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். எல்எஸ்ஓஎஃப் கட்டளையுடன் +எல்1 என்று கொடுங்கள். பெயர் போயும் திறந்திருக்கும் கோப்புகள் வரிசையாக வரும். 38 ஜிபி உள்ள வரியில் செயல்முறை எண்ணையும் எஃப்டி எண்ணையும் (நிரல் திறந்த கோப்புக்கு இடப்படும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சாளரம்11: லினக்ஸில் டெம்ப் நினைவகத்தில்தானே இருக்கும்? அது எப்படி வட்டை நிரப்பும்?

வேர்ப்பயனர்: இன்னொரு லினக்ஸ் விநியோகமான ஃபெடோரா அதை 2013-இல் வெளிவந்த 18-ஆம் பதிப்பிலேயே நினைவகத்துக்கு மாற்றிவிட்டது. டெபியன்தான் 13 வரை இழுத்தது. முன்பே மாற்றியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

தட்டச்சி: ஏற்க மாட்டேன். கோப்புகளை நினைவகத்தில் வைக்கும் டெம்ப்எஃப்எஸ் இயல்பாக நினைவகத்தில் பாதி வரைதான் எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி கணினியில் இந்த 38 ஜிபி கோப்பு 8 ஜிபியைத் தொட்டதுமே நிரல் விழுந்திருக்கும், மூன்று நாள் உழைப்போடு. பெரிய கோப்புகளுக்கு வட்டுதான் சரி. நீங்கள் சொன்ன 10 நாள், 30 நாள் கணக்கும் டெபியன் 12-க்குப் பொருந்தாது. அதில் டெம்ப் கோப்புறை கணினி தொடங்கும்போதுதான் காலியாகும்.

வேர்ப்பயனர்: நான் சொன்னது சிஸ்டம்டியின் மூல அமைப்பு. விநியோகங்கள் அதை மாற்றினால் நான் பொறுப்பல்ல. டெம்ப்எஃப்எஸ்ஸில் உள்ளது ஸ்வாப்புக்கும் (நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) போகும் என்பதை மறக்காதீர்கள்.

தட்டச்சி: ஸ்வாப்புக்குப் போனாலும் உச்சவரம்பு மாறாது. கேட்டவருடையது டெபியன் 12 என்று தெரிந்த பிறகாவது அதற்கேற்ற பதிலைச் சொல்லியிருக்கலாம்.

புதியவன்27: கிடைத்துவிட்டது! என் பைத்தான் நிரலேதான். செயல்முறை 4127, எஃப்டி 5. அது நிரல் எழுதும் பதிவுக் கோப்பு (லாக்). சோதனைக்காக எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருந்தேன். இப்போது என்ன செய்வது?

நிலைவட்டு: ஒன்றை உறுதிசெய்யுங்கள். நிரல் அந்தக் கோப்பைத் திரும்பப் படிக்கிறதா, எழுத மட்டும் செய்கிறதா? படிக்கிறது என்றால் தொடாதீர்கள், கணக்கீடே கெட்டுவிடும்.

எழுத மட்டும் என்றால், நிரலை நிறுத்தாமலே இடத்தை மீட்கலாம். ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் கோப்புறைக்குள் 4127, அதனுள் எஃப்டி, அதனுள் 5. பெயர் போன உங்கள் கோப்புக்கு இருக்கும் வாசல் அதுதான். பதிவில் தேவையானது எதுவும் இருந்தால் அங்கிருந்தே வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ட்ரங்கேட் கட்டளையால் அதன் அளவைச் சுழியமாக்குங்கள். பைத்தானின் பதிவெழுதும் தொகுதியான லாகிங் வழியாக எழுதுகிறீர்கள் என்றால் கோப்பு இயல்பாகவே இறுதியில் சேர்க்கும் முறையில் திறந்திருக்கும், முதலிலிருந்து ஒழுங்காக எழுதும். சாதாரண எழுதும் முறையில் நீங்களே திறந்திருந்தால் பழைய இடத்திலிருந்தே தொடரும். அளவு பழையபடி பெரிதாகத் தெரிந்தாலும் நடுவில் இருப்பது வெற்றிடம், வட்டில் இடம் பிடிக்காது. பயப்படாதீர்கள்.

அடுத்த முறை இப்படி வளரும் பதிவைத் திறந்திருக்கும்போது ஆர்எம் போடாதீர்கள், ட்ரங்கேட் செய்யுங்கள். பதிவுக்கு டெம்ப் இடமே அல்ல. உண்மையிலேயே தற்காலிகமான கோப்புகளுக்கு பைத்தானில் டெம்ப்ஃபைல் தொகுதி இருக்கிறது, வேலை முடிந்ததும் அதுவே துடைத்துவிடும். ஷெல் என்றால் எம்கேடெம்ப், ஆனால் அதில் துடைப்பது உங்கள் பொறுப்பு.

வேர்ப்பயனர்: தம்பி, உங்கள் விவரத்தையெல்லாம் முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

புதியவன்27: எழுத மட்டும்தான். செய்துவிட்டேன். வட்டு 61 சதவீதம். கணக்கீடு ஓடுகிறது. நிலைவட்டு ஐயா, மிக்க நன்றி.

தட்டச்சி: நல்லது. கோப்பை எந்த முறையில் திறந்திருந்தீர்கள்? இன்னும் அதே வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தால் மூன்று நாளில் மறுபடி நிரம்பிவிடும், கொஞ்சம் பாருங்கள்.

நிலைவட்டு: ஆமாம், அதைப் பார்த்துவிடுங்கள். லாகிங் என்றால் அடுத்த ஓட்டத்தில் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் போட்டு அளவுக்கு ஒரு வரம்பு வையுங்கள்.