சொத்து வரி உயர்வை எதிர்த்து மனுவா, செலவுக் கணக்கைக் கேட்பதா?

முன்னறைத் தையல் கேட்டது:

வணக்கம். நாங்கள் இருப்பது ஒரு சிறிய நகராட்சி. மாமனார் கட்டிய 1,150 சதுர அடி வீடு. முன் அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். 2022-க்கு முன்பு அரையாண்டுக்கு 1,320 ரூபாய் சொத்து வரி கட்டினோம். அந்த ஏப்ரலில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம் உயர்ந்ததும் 1,980 ஆனது. அப்புறம் 6 சதவீதம் சேர்ந்து இப்போது 2,099. ஒவ்வொரு தடவையும் முதல் மாதத்திலேயே கட்டி, 5 சதவீதத் தள்ளுபடியை வாங்கிவிடுவேன். ரசீதுகளை எல்லாம் மாமனார் காலத்து பாலிதீன் கவரில் வரிசையாக வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு எங்கள் நலச்சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். உயர்வை முழுதாக ரத்து செய்யச் சொல்லி ஆணையருக்கு மனு. கையெழுத்துத் தாள் என் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. நான் இன்னும் போடவில்லை.

காரணம் வாசலில் இருக்கிறது. போன வருடம் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். முதல் மழையிலேயே தண்ணீர் எங்கள் வீட்டுப் பக்கம் தேங்கியது. சந்தேகம் வந்து, வெயில் நாளில் ஒரு வாளித் தண்ணீரை வடிகாலில் ஊற்றிப் பார்த்தேன். தெருமுனை வாய்க்காலை நோக்கிப் போக வேண்டிய தண்ணீர், மெதுவாகத் திரும்பி எங்கள் படிக்கட்டை நோக்கி வந்தது. மேல் மூடிகளையும் என் இஞ்ச் டேப்பால் அளந்தேன். ஒன்று நான்கு இஞ்ச் தடிமன், அடுத்தது இரண்டரைதான். ஒன்று ஏற்கெனவே உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி அதைத் தாண்டுவதற்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

வரி கூடாது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. தெருவிளக்குக்கு மின்கட்டணம் உண்டு, தினமும் காலையில் வண்டி தள்ளி வரும் தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் உண்டு. ஆனால் என்னிடம் வாங்கியதை இப்படிச் செலவு செய்தால் என் வயிறு எரிகிறது. கையெழுத்துப் போடட்டுமா, வேறு வழி உண்டா?

வாடகை வீட்டுக்காரன்:

அக்கா, உங்களுக்காவது ரசீது கையில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் "வரி ஏறிடுச்சு" என்று சொல்லி மாதம் 500 கூட்டினார். வருடத்துக்கு 6,000. அந்த வீட்டுக்கு வரி எவ்வளவு ஏறியது என்று கேட்டால் பதில் இல்லை. உயர்வு கடைசியில் எங்கள் தலையில்தான் வந்து விழுகிறது, ஆனால் எந்த மனுவிலும் வாடகைக்காரனின் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. ரத்து செய்யச் சொல்வதே சரி.

தெற்குத் தெரு:

மொத்தத் தெருவும் கட்டாமல் நிறுத்துங்கள். இரண்டு அரையாண்டு வசூல் வராவிட்டால் தன்னால் இறங்கி வருவார்கள். மனு, கணக்கு எல்லாம் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

கட்டாமல் இருக்கச் சொல்லாதீர்கள் தம்பி. தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். கடைசியில் தள்ளுபடியையும் இழந்து, வட்டியும் சேர்த்துக் கட்டப்போவது இவர்கள்தான்.

அம்மா, நான் நகராட்சிகளில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2022-இல் ஒரேயடியாக ஏறியதற்குக் காரணம், அதற்கு முன்பு ஏறாமல் கிடந்த வருடங்கள். எல்லாச் சொத்துகளின் வரியையும் மறுபடி கணக்கிடுவதைப் பொதுச் சீராய்வு என்பார்கள். சென்னையில் அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 1998-இல். மற்ற ஊர்களில் 2008-இல். நடுவில் 2018-இல் உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் சம்பளம், டீசல், மின்கட்டணம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இன்னொரு பக்கம், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலைக் கூட்டினால்தான் நகராட்சிகளுக்கு மானியம் என்று, மத்திய நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. உங்கள் ஆணையர் நினைத்தாலும் ரத்து செய்ய முடியாது. அந்த மனுவை அவர் மேலே அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

இதில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை நகராட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பார்த்தார்கள். கவுன்சிலர்கள் வந்து உட்கார்ந்த சூட்டோடு ஏப்ரல் 1-ஆம் தேதி வரி உயர்வு அறிவிப்பு வந்தது. இத்தனை வருடம் எதற்குச் செலவானது என்று மக்களிடம் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால், இவ்வளவு கசப்பு இருந்திருக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது வடிகாலின் கோப்பு. மொத்த வரவு செலவைக் கேட்டால் நூறு பக்கம் கொடுத்துத் திணறடிப்பார்கள். ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். மதிப்பீடு, பணி ஆணை, முடித்த வேலையின் அளவுகளை எழுதி வைக்கும் அளவுப் புத்தகம் (எம்.புக் என்று கேட்டால் உடனே புரியும்), பட்டியல் (பில்) தொகை, எந்த நிதியிலிருந்து கொடுத்தார்கள், இவ்வளவு போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிரிவு 2(j)-ஐக் குறிப்பிட்டு, வேலையை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். அந்தச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத இடம் அதுதான்.

எந்த நிதி என்பது முக்கியம். வடிகால் பல நேரம் மாநிலத் திட்ட நிதியில் வரும். அப்படியானால் உங்கள் 2,099 ரூபாய்க்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மேற்பார்வை பார்த்த பொறியாளர் நகராட்சிக்காரர்தான், பொறுப்பு மாறாது.

வாடகை வீட்டுத் தம்பிக்கு: கதவு எண்ணைச் சொல்லி, அந்த வீட்டின் வரித் தொகையை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

தெற்குத் தெரு:

சரி ஐயா, வட்டி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் எம்.புக்கில் சரியாகத்தானே எழுதி வைத்திருப்பார்கள்?

ஓய்வுபெற்ற கணக்கர்:

எழுதியிருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கத்தான் அந்த அம்மாவிடம் டேப் இருக்கிறதே.

முன்னறைத் தையல்:

ஐயா, ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தீபாவளித் துணி வேலையில் மாட்டிக்கொண்டேன்.

23-ஆம் நாள் பதில் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி, 14 பக்கம் வாங்கினேன். நீங்கள் சொன்னது போலவே வடிகால் மாநிலத் திட்ட நிதியில் கட்டியது. அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது, இத்தனை நாள் என் வரிப்பணம் என்றே பேசிக்கொண்டிருந்தேன். எம்.புக் நகலில் நீளம் 86 மீட்டர் என்று இருக்கிறது. என் டேப் ஒன்றரை மீட்டர்தான். அதனால் கொடிக்கயிற்றில் இரண்டு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, நானும் பாட்டியின் பேத்தியும் தெரு முழுக்க அளந்தோம். எங்கள் கணக்கில் 77 மீட்டர் வருகிறது. மூடியின் தடிமன் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக எழுதியிருக்கிறார்கள். அது பொய் என்பதற்கு உடைந்த துண்டே சாட்சி.

மனு விஷயம். சங்கத்தில் பேசினேன். ரத்து என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வார்டிலும் நடக்கும் வேலையின் தொகை, நீளம், ஒப்பந்ததாரர் பெயர் ஆகியவற்றை வேலை தொடங்கும் முன்பே அந்தத் தெருவில் பலகையாக வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். வாடகைக்கு இருக்கிறவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் இருந்ததைவிட 31 கையெழுத்து கூடுதல். நானும் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பொறியாளர் நேரில் வருகிறார். 9 மீட்டர் எங்கே போனது என்று கேட்கப் போகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா. கேட்பதற்கு முன்னால் ஒன்று. வடிகால் தெருமுனையில் சாலைக்கு அடியில் குறுக்காகப் போய் வாய்க்காலில் சேர்கிறதா? அந்தக் குறுக்குப் பகுதியும் நீளத்தில் சேரும். அதை அளந்தீர்களா?

முன்னறைத் தையல்:

இல்லை ஐயா, அது தோன்றவே இல்லை. சாலைக்கு அடியில் இருப்பதால் தெரியவில்லை. நாளைக் காலை வண்டிகள் வரும் முன்பு, ஆறு மணிக்குப் போய்க் கயிற்றைப் பிடிக்கிறோம். அளவை இங்கேயே எழுதுகிறேன்.