புதுப்பிப்பு: வலிக்கு புப்ரெனார்ஃபின், வேளைக் கணக்கில் ஒரு திருத்தம்

நாள்பட்ட முதுகுவலி, கூடவே பழைய ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) அடிமைத்தனம். இப்படிப்பட்டவருக்கு புப்ரெனார்ஃபின் (வலிக்கும் போதை ஏக்கத்துக்கும் தரும் ஓபியாய்டு மாத்திரை) தினம் ஒரு வேளை போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. போதை ஏக்கத்தை அது 24 மணி நேரம் அடக்கும். வலியை 6 முதல் 8 மணி நேரம்தான். காலையில் போட்டவர் சாயங்காலம் வலிக்கிறது என்றால் 'பழைய புத்தி' என்று வீட்டில் சந்தேகப்பட வேண்டாம். அதே மொத்த அளவை மருத்துவர் பிரித்துத் தரலாம்: 8 மி.கி. என்றால் 2 மி.கி. வீதம் நான்கு வேளை.

மாத்திரை நாக்குக்கு அடியில் முழுக்கக் கரையணும், 5–10 நிமிடம் ஆகும். விழுங்கிவிட்டால் பெரும்பகுதி ஈரலிலேயே வீண். கரைந்ததும் ஒரு வாய் தண்ணீரைப் பல்லில் படும்படி அலசி விழுங்குங்கள். பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுங்கள். பல் சேதம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-ல் எச்சரித்திருக்கிறது.

மார்ஃபினிலிருந்து மாறுபவர் கவனத்துக்கு: அவசரப்பட்டால் புப்ரெனார்ஃபின் மார்ஃபினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், ஆனால் மார்ஃபின் அளவுக்கு வேலை செய்யாது. வாந்தி, நடுக்கம் ஒரேயடியாக வரும். வழக்கமான முறையில் 12 மணி நேரமாவது இடைவெளி விட்டு, கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு என மார்ஃபின் இறங்கிய அறிகுறி தெரிந்தபின்தான் முதல் மாத்திரை. மெத்தடோன் (நீண்ட நேரம் வேலை செய்யும் இன்னொரு ஓபியாய்டு) என்றால் இன்னும் அதிக நேரம்.

அறுவைச் சிகிச்சை வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து தருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். புப்ரெனார்ஃபினோடு அல்பிரசோலமோ (பதற்றத்துக்கான மாத்திரை) மதுவோ சேரவே கூடாது, மூச்சு அடங்கிவிடும்.